வாசிப்பும் உவமையும் ஒரே பாடவேளையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கத் தமிழ்ப் பத்திரிகைகளில் தரம் 5 மாதிரி வினாத்தாள்கள் நிறைகின்றன. தங்கள் பத்திரிகையும் அவற்றை வெளியிட்டு வருகிறது. பெற்றோர் அவற்றைக் கத்தரித்து வைத்துப் பிள்ளைகளை இருத்தி எழுதவைக்கிறார்கள். "பின்வருவனவற்றுள் உவமைத் தொடர் எது?", "இரட்டைக்கிளவி அமைந்த வாக்கியம் எது?" என்ற வினாக்களுக்குச் சரியாகக் கோடிடும் பிள்ளையிடம், முன்பு பார்த்திராத ஆறு வரிகளைக் கொடுத்து "இதில் என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள்ளேயே களைத்துப்போகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் எங்களுக்கு இது மிகுந்த கவலை தருகிறது. வாசிப்பு ஒரு பாடம், அணி இலக்கணம் இன்னொரு பாடம் என்று பிரித்துவைத்ததே கோளாறு என்பது எங்கள் துணிபு. இரண்டையும் ஒரே பந்தியில், ஒரே பாடவேளையில் கற்பிக்க முடியும். அதற்கான வழியை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், பிள்ளையின் வாசிப்பு எந்த இடத்தில் முறிகிறது என்று அறியவேண்டும். பாடநூலில் இன்னும் படிப்பிக்காத பக்கத்திலிருந்து ஏறத்தாழ 60 சொற்கள் கொண்ட ஒரு பந்தியை எடுங்கள். பிள்ளை தனியே, உரத்து வாசிக்கட்டும். ஆசிரியர் கையில் அதே பந்தியின் பிரதி இருக்கவேண்டும். மாற்றி வாசித்த சொல்லுக்கு மேல் சொன்னதை எழுதுங்கள். விட்ட சொல்லை வட்டமிடுங்கள். மூன்று செக்கனுக்கு மேல் நின்ற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இடையில் திருத்த வேண்டாம். மூன்று பிழைக்குள் என்றால் அந்தப் பந்தியைப் பிள்ளை தானாக வாசிக்கும். நான்கு முதல் ஆறு வரை என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்கும். ஆறுக்கு மேல் போனால், அதாவது பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் பிழைத்தால், அந்தப் பந்தி அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு உரியதல்ல. அதைக் கொடுத்துக் கிரகித்தல் வினாக் கேட்பதில் பயனில்லை. கீழ்த்தர நூலிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். நாளுக்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்தால் முப்பது பேர் வகுப்பைப் பத்துப் பாடசாலை நாட்களில் பார்த்து முடிக்கலாம்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்கவேண்டும் என்று ஆங்கில வாசிப்புக்கு வகுத்த அளவைச் சிலர் தமிழுக்கும் பொருத்துகிறார்கள். அது பொருந்தாது. "படித்துக்கொண்டிருக்கிறார்கள்" நமக்கு ஒரு சொல். அதில் பதினைந்து எழுத்துகள். அதே நேரத்தில் ஆங்கிலப் பிள்ளை மூன்று சொல் வாசித்திருக்கும். வேகத்தை அளக்க விரும்பினால் ஒரே பந்தியை முதல் நாளும் நான்காம் நாளும் வாசிக்கவைத்து, அந்தப் பிள்ளையை அதன் முந்தைய வாசிப்போடு மட்டும் ஒப்பிடுங்கள்.

குறித்துக்கொண்ட பிழைகளைப் பார்த்தால் பெரும்பாலானவை சில இடங்களில் குவிந்திருக்கும். முதலாவது, கொம்பு. நமது உயிர்மெய் வரிசைகள் பன்னிரண்டில் ஆறு வரிசைகளில் குறி மெய்க்கு முன்னால் வருகிறது: கெ, கே, கை, கொ, கோ, கௌ. கண் முதலில் கொம்பைக் காண்கிறது. வாயோ மெய்யை முதலில் ஒலிக்கவேண்டும். இடமிருந்து வலமாகப் போகவேண்டும் என்று மட்டும் பழகிய பிள்ளை இங்கே தடுமாறும். கொ, கோ ஆகியவற்றில் பின்னால் வரும் கால், ர என்ற எழுத்தைப் போலத் தெரிவதால் "கொடி" என்பதைக் "கெரடி" என்று வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. கௌ என்பதன் பின்குறி ள போலவே இருப்பதால் "கௌதாரி" "கெளதாரி" ஆகிவிடும். இதற்கு மருந்து, வாசிக்குமுன் பென்சிலால் எழுத்தெழுத்தாகப் பெட்டியிடுவது. "கொக்கு" என்றால் மூன்று பெட்டி: கொ, க், கு. முதல் பெட்டிக்குள் மூன்று வடிவம் இருந்தாலும் எழுத்து ஒன்றுதான் என்று பிள்ளை தன் கையால் உணரவேண்டும். நாளுக்கு ஐந்து சொல், இரண்டு கிழமை. இந்தப் பெட்டி பின்னர் எதுகை படிப்பிக்கும்போதும் உதவும்.

இரண்டாவது, குறில் நெடில். விடு, வீடு, கொடு, கோடு, பெய், பேய், குடை, கூடை, மலை, மாலை. இவற்றைச் சோடி சோடியாக மட்டையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, கலைத்துப்போட்டுப் பொருத்தவிடுங்கள். மூன்றாவது, புள்ளி: எடு, எட்டு, படம், பட்டம், பலி, பல்லி. ஒற்றெழுத்தை விழுங்கி வாசிக்கும் பிள்ளையைப் புள்ளி வரும் இடத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னால் நின்று ஒலிக்கும். நான்காவது, உகரம். ஆகாரத்துக்கு எங்கும் ஒரே கால். உகரத்துக்கோ மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. சு, பு, யு, வு ஒரு குடும்பம். டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். து, நு, லு, று, ணு, னு இன்னொரு குடும்பம். அட்டவணை வரிசையில் படிப்பிப்பதைவிடக் குடும்பமாகப் படிப்பித்தால் விரைவில் பிடிபடும். "க கா கி கீ" என்று இராகத்தோடு ஒப்புவிக்கும் பிள்ளையிடம் "கூ" என்ற மட்டையைத் தனியே நீட்டுங்கள். விரல்விட்டு "க"விலிருந்து எண்ணத் தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கு இராகம் தெரியும், எழுத்து தெரியாது. அட்டவணையைக் குலைத்துக் காட்டுவதே சோதனை.

எழுத்தை அறிந்த பின்னும் ஒன்று இருக்கிறது. கடல், பகல், சங்கு என்ற மூன்றிலும் எழுத்து ஒரே க. ஒலி மூன்று விதம். பல், கம்பு என்பவற்றில் ப என்ற எழுத்தும் அப்படியே ஒலி மாறுகிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டும் பிள்ளைக்குக் கடைசியில் கிடைக்கும் ஒலி அது வீட்டில் கேட்ட சொல்லாக இராது. ஆகவே கூட்டி முடித்ததும் "இப்போது வீட்டில் சொல்வது போல ஒரே மூச்சில் சொல்லு" என்று கேட்கவேண்டும். "ஆ, பந்து!" என்று முகம் மலர்ந்தால் சொல் பிள்ளைக்குச் சொந்தமாகிவிட்டது.

நீண்ட சொல்லை உடைக்கவும் பழக்குங்கள். "மீனவர்களுக்கு" என்பதில் விரலால் பின்பாதியை மறைத்தால் "மீனவர்" தெரியும். விரலை நகர்த்தினால் "கள்", பிறகு "உக்கு". வரியையும் அப்படியே மூச்சுக்கு மூச்சு பிரித்துக் கோடிடலாம்: வாவிக்கரையில் நின்ற கொக்கு / ஒற்றைக் காலைத் தூக்கியபடி / அசையாமல் பார்த்தது. சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசிக்கும் பிள்ளை வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடுகிறது. மூன்று மூச்சில் வாசித்தால் மறக்காது. பொருள் தங்குவதும் இங்கேதான்.

நூல்தமிழும் வீட்டுத்தமிழும் தூரமாக இருப்பது இன்னொரு தடை. இங்குள்ள பிள்ளை "போக ஒண்ணா" என்று சொல்லும். நூலில் "போக முடியாது". "கிறுகிப் பார்த்தான்" என்று சொல்லும். நூலில் "திரும்பிப் பார்த்தான்". கல்முனையிலும் சம்மாந்துறையிலும் உம்மா, வாப்பா என்று அழைத்து வளரும் பிள்ளைக்கு நூலின் "தந்தையார்" எவரோ ஒருவராகத் தோன்றும். வீட்டுப் பேச்சைப் பிழை என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பந்தியை வாசித்தபின் முதலில் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லட்டும். பிறகு அதே வரியை நூலில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தேடி எடுக்கட்டும். கூடவே ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் ஆசிரியர் நல்ல கதையொன்றை உரத்து வாசிக்கவேண்டும். நூல்தமிழைக் காதால் கேட்டிராத பிள்ளை அதைக் கண்ணால் வாசித்து விளங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

வகுப்பில் பந்தி வாசிப்பு நடக்கும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆளுக்கு ஒரு வரியாக வரிசையில் வாசிப்பிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தன் முறை எந்த வரி என்று பிள்ளை முன்னே எண்ணிப்பார்த்து அந்த வரியை மட்டும் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும். மற்ற வரிகள் காதில் விழா. முழு வகுப்பும் சேர்ந்து வாசிக்கும்போது பின்வாங்கில் இருப்பவர்கள் வாயசைத்தே தப்பிவிடுவார்கள். இவற்றுக்குப் பதிலாக ஒரே பந்தியை நான்கு நாள் வைத்திருங்கள். முதல் நாள் தலைப்பையும் படத்தையும் காட்டி, கடினமான இரண்டு மூன்று சொற்களை மட்டும் முன்கூட்டிச் சொல்லி, ஆசிரியர் ஒருமுறை வாசிக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு மூச்சுத் தொடராக ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர்ந்து சொல்லட்டும். இரண்டாம் நாள் இருவர் இருவராக. மூன்றாம் நாள் தனியே, மௌனமாக வாசித்து வினாக்கள். நான்காம் நாள் குரல் ஏற்ற இறக்கத்தோடு நடித்து வாசித்தல். கூத்துப் பார்த்து வளரும் நமது பிள்ளைகளுக்கு நான்காம் நாள்தான் மிகவும் பிடிக்கும். அந்த நாளுக்காகவே மற்ற மூன்று நாளும் வாசிப்பார்கள்.

சோடி சேர்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மிக நன்றாக வாசிக்கும் பிள்ளையை மிகவும் பின்தங்கிய பிள்ளையோடு இருத்தினால் முதலாமவர் வாசித்துவிட, மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது பேரை வாசிப்புத் திறப்படி வரிசைப்படுத்தி நடுவில் பிரித்து, முதலாமவரோடு பதினாறாமவர், இரண்டாமவரோடு பதினேழாமவர் என்று சேர்த்தால் ஒவ்வொரு சோடியிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும். இந்த வரிசை பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களைச் சேர்த்துப் பார்க்கும் சிறிய பாடசாலைகளுக்கு இந்தச் சோடி வாசிப்பு பெரிய கைகொடுப்பு: ஒரு தரம் சோடியாக வாசிக்கும்போது மற்றத் தரத்துக்குப் படிப்பிக்கலாம்.

இனி உவமைக்கு வருவோம். அதற்காகவே ஒரு சிறு பந்தியை இங்கே எழுதித் தருகிறோம். தரம் 4, 5 வகுப்புகளில் இதை அப்படியே பயன்படுத்தலாம்:

"விடிந்தும் விடியாத நேரம். வாவியின் மேல் பனி பாலாடை போலப் படர்ந்திருந்தது. பெரியப்பா வள்ளத்தைத் தள்ளினார். தண்ணீர் சளசளவென்று அவரோடு பேசிக்கொண்டு வந்தது. நெடுநேரம் கழித்து வலையை இழுத்தார். அவர் முகம் வாடியது. கரையில் காத்து நின்ற பெரியம்மா, கொண்டுவந்த கூடையைக் கவிழ்த்து வைத்தார்."

"பெரியப்பா எதைத் தள்ளினார்?" என்பது வரியிலேயே விடை உள்ள வினா. அதை ஒருமுறை கேட்டால் போதும். "வலையில் மீன் அகப்பட்டதா?" என்பதுதான் உண்மையான வினா. மீன் என்ற சொல்லே பந்தியில் இல்லை. "இல்லை" என்று பிள்ளை சொன்னால் நிறுத்திவிடாதீர்கள், "உனக்கு எப்படித் தெரிந்தது? எந்தச் சொல் காட்டியது?" என்று கேளுங்கள். "முகம் வாடியது" என்று ஒருவர் சொல்வார். "கூடையைக் கவிழ்த்தார்" என்பதைப் பிடிக்கும் பிள்ளை வரிகளுக்கு இடையே வாசிக்கத் தொடங்கிவிட்டது. எழுதாததை எழுதியதிலிருந்து அறிவதே கிரகித்தலின் உயிர். நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்க எங்கள் பக்கத்தில் நல்ல கருவி ஒன்று இருக்கிறது: பிள்ளை ஒரு செயலைச் சொல்லி நிறுத்தியதும் "மறுகா?" (பிறகு என்ன?) என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். வள்ளத்தைத் தள்ளினார், மறுகா? வலையை இழுத்தார், மறுகா? நான்கு செயல்களில் மூன்றை ஒழுங்கு மாறாமல் சொன்னால் பந்தி விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அதே பந்தியில் "தண்ணீர் பேசுமா?" என்று கேளுங்கள். சிரிப்பார்கள். "அப்படியென்றால் உண்மையில் கேட்டது என்ன?" வள்ளத்தில் தண்ணீர் மோதும் ஒலி. "பிறகு ஏன் பேசியது என்று எழுதியிருக்கிறது?" இந்த இடத்தில் சற்றுக் காத்திருங்கள். பெரியப்பா தனியாகப் போகிறார், துணைக்கு வேறு ஆளில்லை என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பின் "உயிரில்லாததை ஆளாக ஆக்கிச் சொல்லியிருக்கிறார்கள், இதற்குப் பெயர் ஆளுருவகம்" என்று சொன்னால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பெயரை முதலில் பலகையில் எழுதி வரைவிலக்கணத்தை ஐந்து முறை எழுதவைத்தால் பரீட்சை வரை நிற்கும், பிறகு போய்விடும். எல்லா அணிக்கும் இதையே முறையாகக் கொள்ளுங்கள்: முதலில் கேட்பது, பிறகு ஏன் என்று கேட்பது, கடைசியில் பெயர்.

உவமைக்குப் பலகையில் நான்கு பெட்டி போதும்: பனி / பாலாடை / வெண்மையாக மெல்லப் படர்வது / போல. எதைச் சொல்கிறோம், எதற்கு ஒப்பிடுகிறோம், இரண்டுக்கும் பொதுவானது எது, எந்தச் சொல் சேர்க்கிறது. மூன்றாவது பெட்டியை நிரப்பத் தெரியாத பிள்ளைக்கு உவமை விளங்கவில்லை. மற்ற மூன்றும் சரியாக இருந்தாலும் அதைச் சரியென்று போடாதீர்கள். உவமேயம், உவமானம், உவம உருபு என்ற சொற்கள் இந்த வயதுக்கு அவசரமில்லை.

மிகவும் பரவலான பிழை, "போல" கண்ட இடமெல்லாம் கோடிடுவது. "மழை வரும் போல இருக்கிறது" என்பதில் ஒப்பீடே இல்லை, அது ஊகம். "அண்ணனைப் போலத் தம்பியும் உயரம்" என்பதில் ஒப்பீடு உண்டு, ஆனால் ஆளை ஆளோடு ஒப்பிட்டிருப்பதால் அதில் அணி இல்லை. "தம்பி பனை போல வளர்ந்துவிட்டான்" என்றால்தான் உவமை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இரண்டும் வேறு வேறு இனமா? பொதுவாக ஒன்று இருக்கிறதா?" என்று இரண்டு வினாக்களை மட்டும் கேட்கப் பழக்கினால் இந்தப் பிழை அநேகமாக நீங்கிவிடும். வினாத்தாள் தயாரிப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். சரியான விடையில் மட்டும் "போல" இருக்கும்படி தெரிவுகளை அமைத்தால் பிள்ளை வாசிக்காமலே கோடிடும்.

உருவகத்துக்கு நூலைத் தேடவேண்டியதில்லை. "தங்கம், இஞ்ச வா" என்று அம்மாவும், "இந்தக் குரங்கு மரத்தை விட்டு இறங்காதா?" என்று அம்மம்மாவும் வீட்டில் உருவகம்தான் பேசுகிறார்கள். "தங்கம் போல" என்று சொன்னாரா, "தங்கம்" என்றே சொன்னாரா என்று கேட்டால் வேறுபாடு தெளியும். நொடிகளும் (விடுகதைகளும்) அப்படியே. "தண்ணீரில் பிறக்கும், தண்ணீரில் இறக்கும், அது என்ன?" உப்பு. உப்புக்குப் பிறப்பேது, இறப்பேது? விடையைச் சொன்னதோடு விட்டுவிடாமல் ஏன் பிறப்பு, ஏன் இறப்பு என்று விளக்கவைத்தால் ஒரு நொடி ஒரு முழுப் பாடமாகும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள மூத்தவரிடமிருந்து ஒரு நொடியோ, தாலாட்டு வரியோ, கும்மி வரியோ, கவியோ கேட்டு எழுதிவரட்டும். வசந்தன் கூத்துப் பாட்டும் பொல்லடிப் பாட்டும் நாட்டுக்கவியும் இருக்கும் மண்ணில் எதுகை மோனைக்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. முப்பது கொப்பியில் முப்பது வரி சேர்ந்தால் அதுவே வகுப்பின் வாசிப்பு நூல். டிமை என்னும் பெரிய தாளில் இரண்டு அங்குல உயர எழுத்தில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டால் பின்வாங்குக்கும் தெரியும்.

எதுகை மோனைக்கு முதலில் காது, பிறகு பெட்டி. இதைப் பாருங்கள்:

கொக்கு வந்து நின்றது
கொத்தி மீனைத் தின்றது

கைதட்டிப் பாடியபின் இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெட்டியிட்டு எழுதுங்கள். முதல் பெட்டிகள் இரண்டிலும் கொ: மோனை. கடைசியில் றது, றது: இயைபு. நின்றது, தின்றது என்ற சொற்களை மட்டும் எடுத்தால் இரண்டாம் பெட்டியில் ன், ன்: எதுகை. கொம்பையும் காலையும் தனி எழுத்தாக எண்ணும் பிள்ளை "கொக்கு" என்பதில் இரண்டாம் எழுத்தைக் க என்று சொல்லிவிடும். புள்ளி எழுத்தை எண்ணாத பிள்ளை கு என்று சொல்லும். எதுகைப் பிழை என்று நாங்கள் சிவப்பால் அடிப்பவற்றில் பல உண்மையில் எழுத்தெண்ணும் பிழைகள். ஆங்கிலப் பாடத்தில் ரைம் கேட்டுப் பழகியவர்கள் வரிக்கடைசி ஒலியையே எதுகை என்பார்கள். அது இயைபு என்று பிரித்துக் காட்டவேண்டும். பாட்டு, பட்டம் என்ற இரண்டிலும் இரண்டாம் எழுத்து ட் தான். ஆனால் முதலெழுத்து ஒன்றில் நெடில், மற்றதில் குறில். அளவு ஒத்துவராததால் எதுகையாகாது. தரம் 5இல் இவ்வளவு போதும். ச, த தமக்குள்ளும் ம, வ தமக்குள்ளும் மோனையாகும் என்பதெல்லாம் மேல் வகுப்புக்குரியவை.

இரட்டைக்கிளவிக்கும் அடுக்குத்தொடருக்கும் ஒரே சோதனை: ஒரு பாதியைக் கையால் மறையுங்கள். "சளசள" என்பதில் மிஞ்சும் "சள" பொருள் தராது. "பாம்பு பாம்பு" என்பதில் மிஞ்சும் "பாம்பு" பொருள் தரும்.

உவமைத் தொடர்ப் பட்டியல்களைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதவேண்டியிருக்கிறது. "இலவு காத்த கிளி போல: ஏமாற்றம்" என்று நாற்பது ஐம்பது தொடர்களைச் சோடி சோடியாக மனனம் செய்விக்கிறார்கள். இலவங்காயைப் பிள்ளை கண்டதில்லை. காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்திருக்கிறது. காயோ முற்றி வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிடுகிறது. ஒரு காயைக் கொண்டுவந்து வகுப்பில் பிளந்து காட்டினால் அந்தத் தொடரை ஒருவரும் மறவார். காணாத பிள்ளை "இழவு காத்த கிளி" என்று எழுதும். ல, ள, ழ மூன்றையும் பேச்சில் பிரித்துக் கேட்டிராத பிள்ளைக்கு எந்தச் சொல் என்று உறுதிப்படுத்தப் பொருள் ஒன்றே துணை. ஐம்பது தொடர் மனனம் செய்வதைவிடப் பத்துத் தொடரைப் பொருளோடும் படத்தோடும் அறிவது மேல். பொருளறிந்த பத்தில் பழகிய பிள்ளை, பரீட்சையில் புதிதாக வரும் பதினொன்றாவதையும் யோசித்து விடுவிக்கும்.

கடைசிப் படி, பிள்ளை தானே உவமை எழுதுவது. "ஓர் உவமை எழுது" என்று மட்டும் சொன்னால் வகுப்பு முழுவதும் "நிலவு போன்ற முகம்" என்று எழுதும். இப்படிக் கேளுங்கள்: ஒரு பொருளைச் சொல்லு, அதன் ஒரு குணத்தைச் சொல்லு, அதே குணத்தை இந்தக் கிழமை நீ வேறு எதில் கண்டாய்? மருதமுனைப் பிள்ளை "கூரையில் மழை தறி போலத் தடதடத்தது" என்று எழுதலாம். எருமைப்பட்டி உள்ள ஊர்ப் பிள்ளைக்கு மேகம் கட்டித் தயிராகத் தெரியலாம். வாழைச்சேனைப் பிள்ளைக்குக் காய்ந்த உதடு கருவாட்டை நினைவூட்டலாம். அழகாக இல்லையென்று நிலவுக்கு மாற்றிவிடாதீர்கள். குணம் பொருந்துகிறதா என்பதை மட்டும் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் வேறொரு நாளில் திருத்தலாம். முதல் வாசிப்பிலேயே சிவப்பு மை விழுந்தால் அடுத்த கிழமை மீண்டும் நிலவுதான் வரும்.

அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். தரம் 3 முதல் ஒவ்வொரு நாளும் இருபது நிமிடத்தை வாசிப்புக்கென்று நேரசூசியிலேயே எழுதி ஒதுக்குங்கள். மாதிரிப் பரீட்சைக்காக அந்த நேரம் எடுக்கப்படக் கூடாது. மாரி மழையில் வெள்ளம் வந்து வரவு குறையும் காலத்தில் புதிய பந்தி தொடங்காமல் பழையவற்றையே சோடியாக வாசிப்பிக்கலாம். வராத பிள்ளையும் பின்தங்காது. பெற்றோருக்கும் ஒன்று: தமக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று தயங்கும் தாய்மாரும் உதவ முடியும். பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். முடிந்ததும் நூலை மூடிவைத்து, கதையைச் சொல்லச் சொல்லி "மறுகா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

தங்கள் பத்திரிகையிடம் நாங்கள் கேட்பது இது. மாதிரி வினாத்தாளுக்கு ஒதுக்கும் பக்கத்தில் கிழமைக்கு ஒருமுறை கால் பக்கத்தைச் சிறுவர் வாசிப்புப் பந்திக்குத் தாருங்கள். 60 முதல் 80 சொற்களுக்குள், ஏழெட்டு வாக்கியங்களில் ஒரே நிகழ்ச்சியாக இருக்கட்டும். எழுத்தளவு வழக்கமான செய்தி எழுத்தைவிடப் பெரிதாக, 16 புள்ளியளவில் வேண்டும். பத்திரிகையின் ஒடுங்கிய பத்தியில் அச்சிட்டால் "மீன" ஒரு வரியிலும் "வர்களுக்கு" அடுத்த வரியிலும் விழும். வளர்ந்தவர்கள் பழக்கத்தில் தாண்டிவிடுவார்கள், தரம் 3 பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு பத்தி அகலத்தில், வரிமுடிவில் சொல் உடையாமல், வலப்பக்க ஓரத்தை ஒழுங்குபடுத்தாமல் அச்சிடுங்கள். கீழே நான்கு வினா: வரியில் விடை உள்ளது ஒன்று, வரியில் இல்லாதது இரண்டு, அவற்றோடு "எந்தச் சொல்லால் அறிந்தாய்?" என்ற தொடர்வினா, நான்காவதாகப் பந்தியில் வரும் உவமையோ உருவகமோ ஒன்றைப் பற்றி, அணியின் பெயரைச் சொல்லாமல், "ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள்?" என்று ஒரு வினா. விடைகளை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிட வேண்டாம். அடுத்த கிழமை வெளியிடுங்கள். வாவி, வயல், கடல், சந்தை, பெருநாள், திருவிழா என்று இந்த மண்ணின் வாழ்க்கையிலிருந்து பந்திகளை எழுதித்தர இரு மாவட்டங்களிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாங்கள் இசைந்தால் முதல் பத்துப் பந்திகளை வினாக்களோடு நாங்களே எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள்.